தோட்டத்துக் குளத்தில் ஆமை: தண்ணீருக்கு முன்னால் சுவர்

கேள்வி: டாக்டர் ஐயா, திருச்சிக்கு வெளியே சொந்த வீடு கட்டி வந்திருக்கிறோம். ஆறு வருடத்துக்கு முன்னால் ரூபாய் நாணயம் அளவில் வாங்கிய இரண்டு ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைகள், இப்போது மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் கிடக்கின்றன. பெரியது ஒரு சாண் நீளம் இருக்கிறது, சின்னது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தோட்டத்தில் ஆறடிக்கு நாலடி, ஒன்றரை அடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டித் தருகிறேன் என்கிறார் மாமனார். அதில் விடலாமா? கூடவே கோய் மீன் விடலாமா? சின்ன ஆமை பெரியதன் முகத்துக்கு நேரே போய் முன்னங்கால் நகங்களை நடுக்கிக்கொண்டே இருக்கிறது, சண்டையா? அதன் ஓட்டு ஓரத்தை அழுத்தினால் லேசாக வளைகிறது. போன வாரம் மழையில் பக்கத்து வயலிலிருந்து ஒரு நாட்டு ஆமை வந்தது, பையன் பக்கெட்டில் வைத்திருக்கிறான். அதையும் குளத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். பிற்பாடு பராமரிக்க முடியாவிட்டால் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்தில்தானே, அதில் விட்டுவிடலாம் என்கிறார் மாமனார். பையனுக்கு நாலு வயது.

பதில்:

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த பக்கெட்டைப் பார்ப்போம்.

வயலிலிருந்து வந்தது என்றால் அது பெரும்பாலும் பால் ஆமையாக இருக்கும். தட்டையாக, ஓட்டின் ஓரம் தோல்போல மெத்தென்று இருக்கும், அடிப்பக்கம் திருப்பினால் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் இரண்டு சதை மடிப்புகள் தெரியும். ஓடு கெட்டியாக, கறுப்பாக, முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பு ஓடினால் அது காரை ஆமை. எதுவாக இருந்தாலும் சரி, நம் ஊர் ஆமைகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம், தெரியாமல் செய்தோம் என்று பிறகு சொல்வதில் பயனில்லை. இன்றைக்கே வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து, எந்த வயலோரம் கிடைத்தது என்று இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அது எங்கிருந்து வந்ததோ அதே பக்கத்தில் போய்ச் சேர வேண்டும், ஊருக்கு அந்தப்பக்கம் உள்ள ஏதோ ஒரு ஏரியில் அல்ல. அவர்கள் வரும்வரை நிழலில், அதன் முதுகு நனையும் அளவு தண்ணீரில், மேலே ஒரு கூடை கவிழ்த்து வையுங்கள். தீனி போட வேண்டாம். உங்கள் ஆமைகளைத் தொட்ட கையாலோ, அந்தத் தொட்டியில் தண்ணீர் மொண்ட குவளையாலோ அதைத் தொட வேண்டாம். கடையில் வாங்கிய ஆமையிடம் இருக்கும் கிருமியோ ஒட்டுண்ணியோ வயல் ஆமைக்குப் போய், அது மறுபடி வாய்க்காலுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைச் சேர்த்து விடும் பேச்சே கூடாது என்று நான் சொல்வதற்குச் சட்டம் பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

அடுத்து மாமனார் சொன்ன வாய்க்கால். பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அடைத்து வைத்ததை விடுதலை செய்வது புண்ணியம் என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம், கோயில் குளங்களில் ஆமையைக் கொண்டுபோய் விடுகிறவர்களும் அந்த எண்ணத்தில்தான் விடுகிறார்கள். ஆனால் இந்த ஆமை நம் ஊர் ஆமையே இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பதால் சிவப்புக்காது ஆமை என்கிறோம். எது கிடைத்தாலும் தின்னும், அழுக்குத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், வெயில் காய நல்ல இடம் இருந்தால் மற்ற ஆமையைத் தள்ளிவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும், நம் சூட்டில் முட்டையும் பொரியும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது, 2016 இல் வளர்ப்பது விற்பது எல்லாவற்றுக்குமே தடை போட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில் 2018 இல் ஒரு கால்வாயில் இந்த ஆமை கிடைத்த பிறகு, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தண்ணீரில் விடாதீர்கள் என்று மக்களிடம் கேட்டு, வளர்க்க முடியாதவர்களிடமிருந்து வாங்கி வைக்கவும் ஆரம்பித்தது.

உய்யக்கொண்டானில் விடுவது என்றால் காவிரிப் பாசனத்திலேயே விடுவது. அங்கிருந்து ஏரி, ஏரியிலிருந்து வயல், வயலில் உங்கள் பையன் பக்கெட்டில் இருக்கிற அந்த நாட்டு ஆமையின் வீடு. ஆகவே குளம் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். நன்றாக வைத்துக்கொண்டால் இந்த ஆமைகள் இன்னும் 20, 25 வருடம் இருக்கும், உங்கள் பையன் கல்யாணம் ஆகிப் போகும்போதுகூட இருக்கலாம். அதுவரை வைத்துக்கொள்ள முடியும் என்றால் கட்டுங்கள். முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லுங்கள், ஆமையை முறையாக ஏற்றுக்கொள்ளும் இடத்தைத் தேடலாம், அதற்கு நேரம் பிடிக்கும். வெளிநாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்பது பற்றிய விதிகள் சமீப வருடங்களில் நிறைய மாறியிருக்கின்றன, வனத்துறைக்குப் போன் செய்யும்போதே இந்த இரண்டு ஆமைகளுக்குப் பதிவு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். இனிமேல் புதிதாக ஒன்றுகூட வாங்க வேண்டாம். சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகக் குட்டி ஆமைகளைச் சுங்கத்துறை பிடிக்கிற செய்தி அடிக்கடி வருகிறதே, கடையில் நாணயம் அளவில் கிடைப்பவற்றில் பல அந்த வழியில் வருபவைதான்.

இனி உங்கள் ஆமைகள். குளத்தைப் பற்றிப் பேசும் முன் சின்னதன் ஓடு. ஆறு வயது ஆமையின் ஓட்டு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அசையவே கூடாது. வளைகிறது என்றால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கவில்லை என்று அர்த்தம், அது தீனிக் குறையாலும் வரும், வெயில் இல்லாமலும் வரும், என் கிளினிக்குக்கு வரும் வீட்டு ஆமைகளில் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. தொட்டியை ஜன்னல் ஓரம்தான் வைத்திருக்கிறோம், வெயில் நன்றாகப் படுகிறது என்று பலரும் சொல்வார்கள். கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வரும், ஆனால் ஆமையின் தோலில் வைட்டமின் டி உண்டாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். தீனி என்றால் கடையில் டப்பாவில் விற்கிற காய்ந்த இறாலும், மீதமான சோறும், சில வீடுகளில் ரொட்டியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓடு வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை வெளியில் விட்டால் வெயிலில் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு வலுவில்லாத ஆமை ஆழத்தில் நீந்தத் திணறும், காய ஏறும்போது விழுந்தால் கால் முறியும், காகம் கொத்தினால் ஓட்டிலேயே ஓட்டை விழும். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும், நாமக்கல் கல்லூரியும் எட்டும், ஆமை பார்ப்பார்களா, எந்த நாளில் வரலாம் என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள். ஈரத்துணி விரித்த பிளாஸ்டிக் டப்பாவில், காற்றோட்டத்தோடு, தண்ணீர் ஊற்றாமல் கொண்டுபோக வேண்டும், பயணத்தில் தண்ணீர் ஆடினால் அது அதிகம் பயப்படும். கால்சியம் ஊசியா, வாய்வழி மருந்தா, எத்தனை நாள் என்பதைப் படம் பார்த்தவர் சொல்லட்டும், மருந்துக்கடையில் நீங்களாக டானிக் வாங்கி ஊற்ற வேண்டாம், வைட்டமின் டி அளவு மீறினாலும் ஆபத்துதான். பெரியதையும் கூடவே கொண்டுபோங்கள், அதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அதுவரை தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் அரை மணி நேரம் வெளியே ஒரு அகலமான டப்பில், பாதி வெயில் பாதி நிழலாக, நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது வையுங்கள். தனியாக விட்டு உள்ளே போகக் கூடாது, சின்ன டப்பில் உள்ள தண்ணீர் சீக்கிரமே சூடேறிவிடும் நம் ஊர் வெயிலுக்கு.

சரி, குளம். வெளியே வளர்ப்பது நல்லதா என்றால், கண்டிப்பாக நல்லது, நேரடி வெயிலுக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை, நீந்த இடம் கிடைத்த ஆமையின் சுறுசுறுப்பைப் பார்த்தால் தொட்டியில் இத்தனை நாள் எப்படி வைத்திருந்தோம் என்று உங்களுக்கே தோன்றும். ஆனால் பெரும்பாலானவர்கள் குளத்தை மீனுக்குக் கட்டுவதுபோலக் கட்டி அதில் ஆமையை விடுகிறார்கள். மீனுக்குத் தண்ணீர் போதும். ஆமைக்குத் தண்ணீர், கரை, மண், வெயில், நிழல், இத்தனையையும் சுற்றி ஒரு சுவர் வேண்டும். இதில் எதையாவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நிழலைக்கூட ஒரு வாரம் தள்ளிப்போடலாம், சுவரை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அதனால் மேஸ்திரியிடம் குளத்தின் அளவைச் சொல்லும் முன்னால் அடைப்பின் அளவைச் சொல்லுங்கள்.

மொத்த அடைப்பு பன்னிரண்டடிக்கு எட்டடி வைத்துக்கொள்ளுங்கள், அதில் எட்டுக்கு ஐந்து தண்ணீர், மீதி கரை. சுவர் தரைக்கு மேல் ஒன்றரை அடி, உள்பக்கம் வழவழப்பான பூச்சு. சொரசொரப்பாக விட்டால் நகத்தைக் கொடுத்து ஏறிவிடும். மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள், நேர்மூலையில் இரண்டு பக்கச் சுவரிலும் காலை ஊன்றி ஏறுவதில் இவை கெட்டிக்காரர்கள், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியும் வெளியே போகும். சுவரின் உச்சியில் உள்நோக்கி நாலைந்து அங்குலம் நீட்டிய ஒரு விளிம்பு கட்டாயம். தரைக்குக் கீழே ஒரு அடியாவது அஸ்திவாரம் இறங்க வேண்டும், ஆமை தோண்டுவதைவிடப் பெருச்சாளி வெளியிலிருந்து தோண்டுவதுதான் பெரிய தொல்லை. செடித்தொட்டி, செங்கல், குழாய் எதையும் சுவரை ஒட்டி உள்பக்கம் வைக்காதீர்கள்.

மழையை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டும்போது குளம் நிரம்பி வழியும், வழியும் தண்ணீரோடு ஆமை வெளியே நீந்திப்போய்விடும், காலையில் நீங்கள் எழுந்து பார்க்கும்போது அது தெரு தாண்டி வாய்க்காலில் இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயைக் குளத்தின் பக்கம் திருப்பவே கூடாது. குளத்தின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நாலங்குலக் குழாய் ஒன்று வைத்து, வாயில் கம்பிவலை அடைத்து, உபரித் தண்ணீர் தென்னைமரப் பாத்திக்குப் போகிற மாதிரி செய்யுங்கள். இலை அடைத்துக்கொள்ளும் என்பதால் அப்படி ஒரு குழாய் போதாது, எதிர்ப்பக்கம் இன்னொன்று வையுங்கள். அடைப்பின் சுவரே குளத்தைச் சுற்றி இன்னொரு தொட்டிபோல நின்றுவிடக் கூடாது, அதன் அடியிலும் வலை போட்ட வடிகால் ஓட்டைகள் தேவை.

அடுத்து ஆழம். மாமனார் சொன்ன ஆறுக்கு நாலு, ஒன்றரை அடி ஆழம் என்றால் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். இரண்டு ஆமைக்கு லிட்டர் கணக்கில் அது குறைவில்லை. பிரச்சினை சூடு. திருச்சியில் சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் சாதாரணம், ஒன்றரை அடி சிமென்ட் தொட்டி அந்த வெயிலில் மேலிருந்து அடிவரை ஒரே சூடாகிவிடும், ஆமைக்கு ஒதுங்க இடமே இருக்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிராணி அது, சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. ஆகவே ஒரு முனை மூன்றடி ஆழம், அங்கிருந்து சரிந்து ஏறி மறுமுனை அரை அடி. இப்படிக் கட்டினால் ஏறக்குறைய இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும், அடியில் குளிர்ச்சியும் இருக்கும். ஆழமான பக்கத்துக்கு மேலே நிழல், ஆழமில்லாத பக்கத்துக்குக் காலை வெயில் என்று திசை பார்த்துக் கட்டுங்கள். நிழலுக்குப் பச்சை நிழல்வலை போதும், தென்னங்கீற்றுப் பந்தல் இன்னும் குளிர்ச்சி. முழுக் குளத்துக்கும் ஃபைபர் ஷீட் கூரை போட்டுவிடாதீர்கள், கண்ணாடி ஜன்னல் கதைதான் மறுபடியும்.

பத்து ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை, ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கி, ஆமையை விடுவதற்கு முன்பே, பிற்பகல் மூன்று மணிக்கு அடித்தண்ணீரின் சூட்டைச் சில நாட்கள் பாருங்கள். 24 இலிருந்து 28 டிகிரி இருந்தால் அருமை, 30 வரை சமாளிக்கும், 32 ஐத் தாண்டினால் நிழலைக் கூட்டுங்கள், 35 ஐ நெருங்கினால் அந்தக் குளத்தில் ஆமை இருக்கவே கூடாது. காயும் இடத்துக்கு ஒரு பனங்கட்டையைச் சாய்த்து வைத்தால் நகம் நன்றாகப் பிடிக்கும். கடப்பாக்கல் பலகை வேண்டாம், பத்து மணிக்கே அடுப்புக்கல்லாகிவிடும், ஏறிய ஆமையின் அடிஓடு வெந்துவிடும்.

கரைப் பகுதியில் மணலும் தோட்டமண்ணும் கலந்து ஒரு அடி ஆழத்துக்கு நிரப்புங்கள், லேசான ஈரம் எப்போதும் இருக்கட்டும். ஏன் என்று கேட்டால், உங்கள் பெரிய ஆமை பெண். சின்னது ஆண். அது நகத்தை நடுக்குவது சண்டை இல்லை, ஆண் ஸ்லைடரின் முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும், பெண்ணின் முகத்துக்கு எதிரே அவற்றை வேகமாக ஆட்டித்தான் அது இணைக்கு அழைக்கும். பெண்ணுக்கு ஒரு சாண் நீளம் என்றால் முட்டை இடும் பருவம் வந்துவிட்டது. ஆண் இல்லாவிட்டாலும் முட்டை உண்டாகும், ஒருமுறை இணைந்தால் அதை வைத்துப் பலமுறை கருவுற்ற முட்டைகளும் இடும். முட்டையிட மண் கிடைக்காவிட்டால் பல ஆமைகள் அதை உள்ளேயே நிறுத்திக்கொள்கின்றன, அது அழுகி வயிற்றில் பரவினால் காப்பாற்றுவது கடினம். கண்ணாடித் தொட்டியில் இருக்கிற ஒரு சாண் பெண் ஆமையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது இதற்காகத்தான், உள்ளே முட்டை இருந்தால் படத்தில் நீள்வட்டமாகத் தெளிவாகத் தெரியும். இப்போதே தீனி எடுக்காமல், தொட்டியின் மூலையைப் பின்னங்காலால் பறித்துக்கொண்டு அலைந்தால் கொண்டுபோவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மண்ணில் முட்டை இட்டால் அன்றைக்கே தோண்டி எடுத்து ஃப்ரீசரில் வைத்து அழித்துவிடுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். விட்டுவைத்தால் நம் மண் சூட்டில் இரண்டு மூன்று மாதத்தில் பத்துப் பதினைந்து குட்டி வெளியே வரும், மண் அதிகச் சூடாக இருந்தால் அவற்றில் பெரும்பாலும் பெண்ணாகவே பிறக்கும், ஒவ்வொன்றுக்கும் இன்னொரு முப்பது வருடம் யார் பொறுப்பு? குட்டிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதில்தான் வாய்க்காலுக்குப் போகும் ஆமைகளின் கதை தொடங்குகிறது.

ஆண் ஓயாமல் துரத்தினால் பெண்ணுக்குக் கழுத்திலும் காலிலும் கடிகாயம் வரும், தீனி எடுக்காது, காய ஏறினால்கூட விடாது. கட்டும்போதே நடுவில் ஒரு தடுப்புச் சுவருக்கு வழி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சந்தோஷமாக இருக்கும் என்பது நம் எண்ணம், ஆமைக்கு அந்தத் தேவை இல்லை.

புதுச் சிமென்ட் தொட்டியில் நேராக ஆமையை விட்டால் கண்ணும் தோலும் வெந்து போகும், சிமென்டின் காரம் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்தில் மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். அதையே செய்யுங்கள், நிரப்பி ஒரு வாரம் விட்டுக் கொட்டி, மறுபடி நிரப்பி என்று மூன்று நாலு வாரம் போகட்டும். கடைசியில் மீன் கடையில் விற்கிற பிஎச் தாளைத் தோய்த்துப் பாருங்கள், ஏழிலிருந்து எட்டுக்குள் நின்றால் விடலாம். அடியில் கூழாங்கல் பரப்ப வேண்டாம். அழகுக்காகப் போட்ட சின்னக் கல்லை விழுங்கிக் குடல் அடைத்து வந்த ஆமைகளை நிறையப் பார்த்தாயிற்று. அதன் தலையைவிடப் பெரிய கல்லாக நாலைந்து போடலாம்.

ஆழமான முனையின் அடியில் இரண்டங்குல வடிகால் குழாயும் வால்வும் கட்டாயம். இது இல்லாமல் கட்டிவிட்டு வாராவாரம் பக்கெட்டில் மொண்டு கொட்டுகிறவர்கள் மூன்றாம் மாதம் அலுத்துப்போகிறார்கள், அலுப்பு வந்த வீட்டில்தான் தண்ணீர் நாறும், ஓட்டில் அழுகல் வரும். வாரத்துக்குக் கால்பங்குத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிது நிரப்புங்கள், கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் தொட்டியில் வைத்திருந்து ஊற்றுங்கள். ஃபில்டர் வாங்கும்போது மீனுக்கு இத்தனை லிட்டர் என்று எழுதியிருப்பதைப் போல இரண்டு மடங்கு திறனில் வாங்குங்கள், ஆமையின் கழிவு அவ்வளவு. பம்புக்குப் போகும் மின்சார லைனில் கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஈஎல்சிபி போட்டிருக்க வேண்டும், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெளியேறும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம், கொத்தமல்லி, புதினா, கீரைப் பாத்திக்கு மட்டும் விட வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால் சால்மொனெல்லா. ஆமைக்கு எந்த நோயும் இல்லாமலே அதன் குடலில் இந்தக் கிருமி இருக்கும், தண்ணீரில் கலக்கும், சின்னக் குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும். அமெரிக்காவில் 1975 இல் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வீட்டில் வளர்க்க விற்பதையே தடை செய்தார்கள், குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோய்ப்பட்டதுதான் காரணம். உங்கள் பையனுக்கு நாலு வயதுதான். பார்க்கட்டும், தீனி போடுவதை உங்கள் கையிலிருந்து பார்த்துப் பழகட்டும், ஆனால் தொட வேண்டாம், தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். அந்தத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், மூன்றடி ஆழத் தண்ணீர் நாலு வயதுக் குழந்தைக்கு உயிர் ஆபத்து. ஒன்றரை அடிச் சுவர் ஆமையைத் தடுக்கும், குழந்தையைத் தடுக்காது. சுவருக்கு மேல் நாலடி உயரத்துக்குக் கம்பிவலை வேலியும், பூட்டுகிற கதவும் வையுங்கள், வேலி முடியும்வரை தண்ணீர் நிரப்பாதீர்கள். மேலேயும் வலை போட்டுவிட்டால் காகம், தெருநாய், கீரி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்வு. பகலில் காய ஏறும் ஆமையின் கண்ணைத்தான் காகம் முதலில் குறிவைக்கும்.

கொசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டெங்கு சீசனில் பக்கத்து வீட்டார் கேட்பார்கள். பம்பு ஓடித் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தால் பாதி குறையும். மீதிக்குக் கப்பி மீன் இருபது விடுங்கள், சில ஆமை வயிற்றுக்குள் போகும், மீதி பெருகிவிடும். கொசுப்புழு தின்னும் என்று விடுகிற கம்பூசியா மீன் வேண்டாம், அதுவும் வாய்க்காலுக்குப் போனால் கெடுதல் செய்கிற அயல் மீன்தான். குளத்தருகே அரளி, தங்க அரளி இருந்தால் எடுத்துவிடுங்கள், இலையும் விதையும் விஷம்.

தீனியில், வளர்ந்த ஸ்லைடருக்கு முக்கால்வாசி கீரை, இலை போன்ற பச்சைத் தீனியாக இருக்க வேண்டும், குட்டியாக இருந்தபோது கேட்ட அளவுக்கு இறைச்சி இப்போது தேவையில்லை. முருங்கைக்கீரை, மல்பெரி இலை, குளத்திலேயே மிதக்கவிட்ட அசோலா இவை மூன்றும் கைக்கு எளிதாகக் கிடைப்பவை. பூசணி, கேரட் துருவல் அவ்வப்போது கொடுத்தால் வைட்டமின் ஏ கிடைக்கும், அது குறைந்தால்தான் கண் வீங்கி மூடிக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தரமான ஆமைத் தீனிக் குருணை, ஒரு நாள் மண்புழு அல்லது தலையோடு முள்ளோடு சின்ன மீன். கருவாடு, ரொட்டி, சோறு, பிஸ்கட் கிடையாது. கிளிக்கூண்டில் தொங்கவிடுவார்களே, கணவாய் ஓடு, அதில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். தீனி பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான், பார்க்கும்போதெல்லாம் பசிப்பதுபோல நீந்தி வரும், அதை நம்பினால் காலைச் சுற்றிக் கொழுப்பு பிதுங்கிவிடும்.

கோய் வேண்டாம். அதன் வாலையும் செதிலையும் ஆமை கடிக்கும், இரண்டின் கழிவும் ஒரே தண்ணீரைக் கெடுக்கும், திருச்சிச் சூட்டுக்குக் கோயே திணறும். ஆசையாக இருந்தால் அதற்குத் தனிக் குளம்.

மாற்றும்போது மழைக்காலத்திலோ கோடை உச்சியிலோ வேண்டாம், தை மாசி சரியாக இருக்கும். முதல் இரண்டு வாரம் காலையில் விட்டு மாலையில் எடுத்துவிடுங்கள். பிறகு இரவும் இருக்கட்டும், மாதம் ஒருமுறை சமையலறைக்குப் பயன்படுத்தாத ஒரு தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ அது நுரையீரல் தொற்று, காத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

எக்ஸ்ரே எடுத்ததும் அந்தப் படத்தையும், மேஸ்திரி போட்ட அளவுப் படத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். வனத்துறைக்குப் போன் மட்டும் இன்றைக்கே.